நாற்பது பேர் அமர்ந்த அறை



ஒரு மனிதர் தம் கையால் வாசிக்கும் கருவியின் ஓசையை, நடுவில் ஒலிபெருக்கி எதுவுமின்றி, உங்கள் சொந்தக் காதால் கடைசியாக எப்பொழுது கேட்டீர்கள்? பெங்களூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊழியம் செய்துவருகிற நான் இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை. எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில் கூடிவருகிறது. ஞாயிறுதோறும் அறுபது, எழுபது பேர் வருவார்கள். அந்தச் சிறிய அறைக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு மிக்சர், நான்கு மைக்குகள். கீபோர்டு வாசிக்கும் தம்பி என்னிடமிருந்து எட்டடி தூரத்தில் நிற்கிறார். ஆனால் அவருடைய இசையோ சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்துதான் எனக்கு வந்து சேருகிறது. அடுத்த வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சத்தத்தைக் குறித்து முறையிட்டுப் போனார். அவர் சத்துருவின் தூண்டுதலால் வந்தார் என்று அப்பொழுது நினைத்தேன். இப்பொழுது அப்படி நினைக்கவில்லை.

கடந்த டிசம்பர் மாதம் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, சனிக்கிழமை ராத்திரி நம்ம லைன்ல பாட்டு வைக்கிறாங்க. மைக் செட்டெல்லாம் கிடையாது. வீட்டுக்குள்ளதான். வர்றீங்களா?" என்றான். நம்ம லைன் என்றால் மைசூர் மைன்ஸ். நான் பிறந்து வளர்ந்த இடம்.

மைசூர் மைன்ஸ் என்றதும் மைசூர் அரண்மனையை நினைத்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. அது கோலார் தங்கவயலில் இருக்கிறது. 1880-ல் இங்கு வந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி நடத்திய பெரிய சுரங்கங்களில் மைசூர் சுரங்கமும் ஒன்று. சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்பவை மற்றவை. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்முடைய முன்னோர் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை இறங்கி வேலை செய்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது. அது எங்கே போயிற்று என்று எங்கள் லைன்களில் யாருக்கும் தெரியாது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களே ஊரின் சுரங்கமாயின. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய் பெங்களூரில் வேலை செய்து, இரவில் திரும்பி வருகிற ஆயிரக்கணக்கானோரில் உங்களில் சிலரும் இருக்கக்கூடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு லைன் வீடுகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே அறையாக ஆக்கியிருந்தார்கள். மேலே ஓடு. தரையில் பாய்கள். சுவரோரமாக முதியவர்களுக்கென்று ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்பது பேர் அமர்ந்தால் நிறைந்துவிடுகிற இடம். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா; அதில் தலைக்கு 100 ரூபாய், இல்லாதவர்கள் இயன்றதைப் போடலாம். சங்கம், தலைவர், பொன்னாடை, வரவேற்புரை எதுவும் இல்லை. இதற்காகவே அந்தப் பிள்ளைகளை வாழ்த்தலாம்.

வாசித்தவர்கள் நால்வர். ஆர்மோனியத்தோடு பாடியவர் ஒரு பள்ளி ஆசிரியை. கிடார் வைத்திருந்த வாலிபன் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கிறவன். கிளாரினெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். முன்பு பேண்டு செட்டில் வாசித்தவர். நான்காவது ஆள் தலையைக் குனிந்து, சிறு சுத்தியால் தபலாவின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவர் நிமிர்ந்தபோது நான் அடையாளம் கண்டுகொண்டேன். எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றிற்று.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் நான் வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மைசூர் மைன்ஸில் ஒரு சிறிய சபையில் உதவி ஊழியனாக இருந்தேன். வயது இருபத்தாறு. எல்லாம் தெரியும் என்று எண்ணுகிற வயது. அந்தச் சபையில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர் ஆராதனைக்குத் தபலா வாசிப்பார். அதே தம்பி ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடும் வாசிக்கிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். நான் அந்தத் தம்பியை அழைத்து, ஒரே கை இரண்டு மேடைகளில் வாசிக்கக்கூடாது, ஒன்றைத் தெரிந்துகொள் என்றேன். வீட்டுக்கும் போய் அவருடைய தாயாரிடத்தில் அதையே சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை, சபையிலும் வாசிக்கவில்லை. அது எனக்கு ஒரு வெற்றியாகவே தோன்றியது. இரண்டு ஆண்டுகளில் நான் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனேன். அதன்பின் அந்தத் தம்பியைக் குறித்து நான் விசாரித்ததில்லை.

இப்பொழுது அவர் என்னைப் பார்த்தார். புன்னகைத்துத் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் சுத்தியை எடுத்தார்.

ஆசிரியை முதலில் வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனையைப் பாடினார். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னரின் காலத்தில் வாழ்ந்து, 1864-ல் காலமான அந்தப் பெரியவரின் பாடல்களை நம்முடைய சபைகளில் இப்பொழுது அதிகம் கேட்க முடிகிறதில்லை. ஸ்பீக்கருக்கு ஏற்றவை அல்ல என்று வாலிபர்கள் சொல்லுகிறார்கள். அந்த அறையில் அது எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? அவர் மூச்சு வாங்கிய இடம் கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு சொல்லை அவர் மெதுவாகச் சொன்னபோது பாயில் இருந்தவர்கள் எல்லாரும் சற்று முன்னே சாய்ந்தார்கள். சத்தம் அதிகமானால் மக்கள் பின்னே சாய்வார்கள் என்பதை ஒலிபெருக்கி வைத்த சபைகளில் நீங்களே கவனித்திருக்கலாம்.

(இந்த ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலிருந்து வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி போடும் பெட்டியாக மாறி, ஏழை எளிய சபைகளையெல்லாம் பாடவைத்த கருவி இது. நம்முடைய அகில இந்திய வானொலியோ, இது இந்திய இசைக்கு ஒவ்வாது என்று 1940-ல் விலக்கிவைத்து, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே உள்ளே விட்டது. கருவிகளை விலக்கிவைக்கும் வழக்கம் ஊழியக்காரரிடத்தில் மாத்திரம் இருந்ததல்ல என்று இதைப் படித்தபோது எனக்கு அற்ப ஆறுதல்.)

ஒரு அறையில் ஓசை எப்படி நடந்துகொள்ளுகிறது என்பதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியர். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு யாருக்கும் புரியவில்லை. சொன்ன ஒரு சத்தம் ஐந்து வினாடிக்கு மேல் சுவர்களில் மோதி எதிரொலித்துக்கொண்டிருந்தது. சபீன் பக்கத்துக் கூடத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுத்தார். மெத்தையைப் போலவே மனித உடலும், உடுத்திய துணியும் ஓசையை உறிஞ்சுகின்றன என்று கண்டார். அப்படியானால் மைசூர் மைன்ஸின் அந்த அறையில் பாயில் நெருக்கி அமர்ந்த நாற்பது பேரும், அவர்களுடைய ஸ்வெட்டர்களும், கம்பளிச் சால்வைகளும் அந்த இசையின் ஒரு பங்கு. ஆள் வராத அறையில் அதே நால்வர் வாசித்திருந்தால் அது வேறுவிதமாக ஒலித்திருக்கும்.

இரண்டாவதாகக் கன்னட பாவகீதை ஒன்று. மூன்றாவது, தாயைக் குறித்த ஒரு பழைய திரைப்படப் பாடல். அப்பொழுது நாற்காலியில் நெளிந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சில பாடல்களை நான் இன்றும் என் வீட்டில் ஒலிக்கவிடமாட்டேன். ஆனால் இந்தப் பாடலில் நான் கண்டிக்கக்கூடிய வரி எது என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த விதவைத் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கிளாரினெட். அந்தப் பெரியவர் தனியே வாசித்தார். நடுவே நின்று, யாரையும் பாராமல், "எங்க அண்ணன்தான் என்னைவிட நல்லா வாசிப்பாரு. அவரு அண்டர்கிரவுண்டு. நான் ஒர்க்ஷாப்புல மேல இருந்தேன். அதனால எனக்கு மூச்சு இருக்கு" என்றார். இதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. தங்கவயல்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்லுகிறேன்: பாறையை உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து, அதைக் கல்லைப்போல் இறுகச் செய்யும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். தங்கவயலில் 1940-களில் மருத்துவர்கள் செய்த ஆய்வில் ஏராளமான தொழிலாளருக்கு அது இருந்தது. என் சித்தப்பாவும் அதில்தான் போனார். கிளாரினெட்டை ஊதக்கூடிய எத்தனை பேரை அந்தத் தூசி நிறுத்தியதோ, அதை யாரும் எண்ணிவைக்கவில்லை.

அவர் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே கரண்டு போயிற்று. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. பெங்களூர் நகரத்துக்கு அதற்குப் பின்புதான் கிடைத்தது. அதைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் பழக்கம். அன்றும் யாரோ இருட்டில் சொன்னார்கள், எல்லாரும் சிரித்தோம். கிளாரினெட் நிற்கவில்லை. நிற்பதற்குக் காரணமே இல்லை என்பது மெதுவாகத்தான் எனக்கு விளங்கிற்று. எங்கள் சபையில் கரண்டு போனால் ஆராதனையே நின்று, ஜெனரேட்டரை இயக்க ஒருவர் மாடிப்படிகளில் ஓடுவார். இங்கே விளக்கு மட்டும் அணைந்தது. ஒரு பாட்டி மெழுகுவர்த்தி கொண்டுவந்து தரையில் வைத்தார். மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ் யாவும் ஓய்ந்துவிட்டபடியால், விரல் தோலில் உரசுகிற ஓசைகூடக் கேட்டது. 1965-ல் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடி சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்துக்கு இறங்கிக் கண்டுபிடித்தார்கள். மேலேயிருந்து பொழியும் மற்ற கதிர்களின் இரைச்சல் எட்டாத இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த இருட்டில் ஏனோ அது என் நினைவுக்கு வந்தது.

தபலா தனியாக வாசிக்கப்பட்டது அப்பொழுதுதான். பத்து நிமிடம் இருக்கலாம். இசையை விவரிக்கிற வரம் எனக்கு இல்லை. ஆனால் மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்தக் கைகளுக்கு நான் ஒரு காலத்தில் நியாயந்தீர்க்கிறவனாக இருந்தேன் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேதத்தில் தாவீது சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்தது எத்தனை பேர் கொண்ட சபையில்? கலங்கிப்போன ஒரு ராஜா, அவனுடைய ஊழியக்காரர் சிலர். எலிசா தீர்க்கதரிசி மூன்று ராஜாக்களுக்கு முன்பாக நின்றபோது, வார்த்தை வருவதற்கு முன் ஒரு வாத்தியக்காரனை அழைத்துவரும்படி கேட்டார். இதைக் கல்லூரியில் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். அந்த வாத்தியக்காரன் யார், எங்கே வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைத்துவந்தார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. முந்தின இரவு அவன் ஒரு கல்யாண வீட்டில் வாசித்திருக்கவும் கூடும்.

சுரங்கம் போனால் இசையும் போய்விடும் என்பது கட்டாயமல்ல. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கிரைம்தார்ப் என்ற நிலக்கரிச் சுரங்கத்துக்கு 1917-ல் தொடங்கிய ஒரு பித்தளை வாத்தியக் குழு இருந்தது. 1992 அக்டோபரில் பல சுரங்கங்களை மூடப்போவதாக அரசு நிறுவனம் அறிவித்த அதே மாதத்தில், அந்தக் குழுவினர் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. குழுவோ இன்றும் வாசிக்கிறது. தங்கவயலுக்கு வந்த வெள்ளைக்காரச் சுரங்கக்காரரில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களும் பாட்டுக்குப் பேர்போனவர்கள். அவர்கள் போய்விட்டார்கள். நம்முடையவர்கள்தான் இங்கே மிஞ்சினார்கள்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிரிசர்வேஷன் ஹால் என்று ஒரு சிறிய இடம் உண்டு. 1961-ல் தொடங்கியது. காலம் மாறி, வேலை குறைந்துபோன வயதான கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வாசிப்பதற்கென்றே அதை நடத்தினார்கள். சில பெஞ்சுகள், தரை, ஒலிபெருக்கி கிடையாது, மதுபானமும் விற்கப்படவில்லை. ஆகவே பிள்ளைகளையும் அழைத்துப்போகலாம். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்காருவதற்குச் சட்டமே தடையாயிருந்த நாட்களில் அங்கே சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். இசை கேட்கிற இடமென்றாலே குடியும் கூத்தும்தான் என்று நான் பிரசங்கித்ததுண்டு. அப்பொழுது இதை நான் அறியேன். அறிந்திருந்தால் பிரசங்கத்தை மாற்றியிருப்பேனா என்றால், அந்த வயதில் மாற்றியிருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு முடிந்தது. சுண்டலும் தேநீரும் கொடுத்தார்கள். டப்பாவிலிருந்த பணத்தை எல்லாருக்கும் முன்பாகவே எண்ணி, நால்வருக்கும் சமமாகப் பிரித்தார்கள். நான் தபலாக்காரரிடம் போனேன். பேச வேண்டியதை வழியெல்லாம் ஆயத்தம்பண்ணிப் பிரசங்கம் செய்கிற எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. "தம்பி, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தபலாவை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னதாலதான் விட்டேன்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. வீட்டிலயும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. ஆனா நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு அம்மா தபலாவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க. பன்னிரண்டு வருஷம் அங்கதான் கிடந்தது. எடுத்துப் பார்த்தப்ப தோல் வெடிச்சிருந்தது."

சுரங்கம் மூடினபோது அவருடைய தகப்பனாருக்கு வேலை போயிற்று. அந்த ஆண்டுகளில் கல்யாணக் கச்சேரிக்குப் போயிருந்தால் வீட்டுக்கு அரிசியாவது வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சொன்னார்கள். அவர் கிருஷ்ணராஜபுரத்துக்கு ரயிலில் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தாராம். இப்பொழுதும் அதே வேலைதான். முப்பத்தைந்தாம் வயதில் தோல் மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து பழகினார். இழந்த ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய வேகம் விரல்களுக்கு இன்னும் வரவில்லை என்கிறார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே போச்சு ஐயா" என்றார். மன்னித்தேன் என்று சொன்னாரா, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, பெங்களூரில் எங்கள் சபைக்கு ஒரு ஞாயிறு வந்து வாசிப்பீர்களா என்று கேட்டேன். "எங்க பாஸ்டர்கிட்ட கேட்கணும் ஐயா" என்றார். அவர் ஒரு சபையில் அங்கமாயிருந்து ஞாயிறுதோறும் வாசிக்கிறார் என்பதே அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை அவர் எங்கே வாசிக்கிறார் என்பது அந்தப் போதகருக்குத் தெரியுமாம். அன்று இரவு அவரும் பாயில்தான் உட்கார்ந்திருந்தாராம், கடைசி வரிசையில்.

"காணிக்கை எவ்வளவு தருவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்கள் சபையில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் இதுவரை ஒன்றும் கொடுத்ததில்லை. அது ஊழியம் என்று சொல்லிவிடுவோம். ஸ்பீக்கர் வாங்கினபோது மட்டும் தவணை தவறாமல் கட்டினோம். நான் ஒரு தொகையைச் சொன்னேன். "கல்யாணத்துக்கு இதைவிட ஜாஸ்தி ஐயா" என்று சொல்லி, தம்முடைய தொகையைச் சொன்னார். ரயில் கட்டணம் தனி.

அந்தத் தொகையைச் சபைக் கமிட்டியின் முன் வைத்திருக்கிறேன். இரண்டு கூட்டங்கள் நடந்தும் இன்னும் முடிவாகவில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி மட்டும் தனியே வந்து, "ஐயா, அவருக்குக் கொடுத்தா எனக்கும் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.